உளவியல் கேள்வி-பதில்: "ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்கள்"

சுயசரித நினைவுச் சோதனை (ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் சொந்த வாழ்க்கை நிகழ்ச்சியைக் கேட்பது) பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் வந்த குறிப்பைப் படித்துவிட்டு பாலக்காட்டு எல்லை ஊர்களிலிருந்தும் ஆந்திர எல்லை ஊரான குப்பத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. உளவியல் துறையில் சோதனை நடத்துபவர்களும் புள்ளியிடுபவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிராஜெக்டுக்கு ஏ.எம்.டி. (சுயசரித நினைவுச் சோதனை) செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில வழிமுறை கையில் இருக்கிறது. எங்கள் ஊர் ஆட்களிடம் தமிழில் செய்ய வேண்டும். எப்படித் தொடங்குவது, எங்கே தப்பு வரும்?
— மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: இந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். இது ஞாபக சக்தியை அளப்பதில்லை. சொன்னது உண்மையா பொய்யா என்றும் பார்ப்பதில்லை. ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்த ஆள் தன் வாழ்க்கையில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஓர் இடத்தில் நடந்த ஒன்றை எடுத்துத் தருகிறாரா, இல்லை "அப்பல்லாம் அப்படித்தான்" என்ற பொதுப் பேச்சிலேயே நின்றுவிடுகிறாரா என்பதை மட்டும் பார்க்கிறது. கிணற்றில் விட்ட வாளி தண்ணீரைத் தொடுகிறதா, நடுவழியில் நின்றுபோகிறதா என்பதுதான் கேள்வி. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது வேறு கேள்வி.

சொல்லைக் கொடுத்து நினைவை வரவழைக்கும் வழியை 1879-இல் பிரான்சிஸ் கால்டன் தன்மேலேயே செய்து பார்த்தார். 1974-இல் குரோவிட்ஸ், ஷிஃப்மன் இருவரும் அதை ஆய்வு முறையாகப் புதுப்பித்தார்கள். இன்றைய ஏ.எம்.டி. வடிவம் 1986-இல் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும் செய்தது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் இன்பச் சொல் 5, துன்பச் சொல் 5 கொடுத்துக் கேட்டார்கள். ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லுங்கள் என்று கேட்டும் அவர்களிடமிருந்து பொதுப்படையான பதில்களே மற்றவர்களைவிட அதிகம் வந்தன. பிறகு மனச்சோர்விலும், பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயிலும் இதே போக்கு திரும்பத் திரும்பக் காணப்பட்டது.

உங்களுக்கு வேண்டிய பொருள் அதிகமில்லை: சொல் அட்டைகள், ஸ்டாப் வாட்ச், ஒலிப்பதிவுக் கருவி, பதில் தாள், சத்தமில்லாத ஓர் அறை. அட்டைக்கு ஒரு சொல், பெரிய எழுத்தில். அட்டையைக் காட்டிக்கொண்டே வாயாலும் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரிடம் செய்தால் எல்லோருக்குமே வாயால் மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அட்டை, பாதிப் பேருக்குக் குரல் என்று கலக்காதீர்கள்.

அறிமுகப் பேச்சில் நான்கு விஷயம் வர வேண்டும். ஒன்று, சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருகிற, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. இரண்டு, அது ஒரு நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். மூன்று, பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. சமீபத்தியதோ பழையதோ, எதுவானாலும் சரி. நான்கு, ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு வேறு நிகழ்ச்சி. கூடவே சரியான பதிலுக்கும் சரியில்லாத பதிலுக்கும் ஒவ்வோர் உதாரணம்: "பொங்கல்னா எனக்கு எப்பவும் சந்தோஷம்தான்" போதாது, "போன பொங்கலுக்கு அக்கா வீட்டுல பானை பொங்கினப்போ குழந்தை கைதட்டுச்சு" சரி.

அடுத்து பயிற்சிச் சொற்கள், மூன்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுப்படையாகப் பதில் வந்தால் "அப்படி ஒரு தடவை நடந்ததைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுக் குறிப்பான நினைவு வரும் வரை பழக்குங்கள். இந்தப் பகுதியை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விட்டுவிட்டால், கேள்வி புரியாமல் பொதுவாகப் பேசியவரையும், புரிந்தும் குறிப்பான நினைவு எட்டாதவரையும் உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. சோதனையின் பொருளே அங்கே போய்விடுகிறது.

பயிற்சி முடிந்ததும் உண்மையான 10 சொற்கள், இன்பமும் துன்பமும் மாறி மாறி. ஒரு சொல்லுக்கு 60 வினாடி. சில ஆய்வுகளில் 30. எதை எடுத்தாலும் கடைசி ஆள் வரை அதையே வையுங்கள். நீங்கள் சொல்லை முடித்த கணத்தில் வாட்ச் ஓட வேண்டும். பதிலின் முதல் சொல் வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "ம்ம்...", "இருங்க, யோசிக்கிறேன்" என்பவை பதில் அல்ல. முதல் பதில் பொதுப்படையாக இருந்தால் ஒரே ஒரு முறை "ஒரு தடவை நடந்ததைச் சொல்ல முடியுமா?" என்று தூண்டலாம். புள்ளி முதல் பதிலுக்குத்தான். தூண்டிய பிறகு வந்ததைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

சொற்களைப் பொறுத்தவரை, ஆங்கிலப் பட்டியலை அகராதி வைத்து மாற்றுவது ஆபத்து. அந்தப் பட்டியலில் கை தவறிப் பொருளைப் போட்டு உடைக்கிற குணத்தைச் சொல்லும் ஒரு சொல் இருக்கிறது. அதற்கு ஒரே சொல்லில் தமிழ் தேடி அலைவது வீண். வீட்டில் புழங்குகிற, கடுமையிலும் பழக்கத்திலும் ஏறக்குறைய சமமான சொற்களை எடுங்கள். சந்தோஷம், நிம்மதி, பெருமை, ஆசை, வெற்றி ஒரு பக்கம்; வருத்தம், கோபம், பயம், அவமானம், ஏமாற்றம் மறு பக்கம். இது எங்கள் யோசனை மட்டுமே, நிலைநிறுத்தப்பட்ட பட்டியல் அல்ல. முதலில் வேறு 15, 20 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம், எவ்வளவு பழக்கம் என்று 7 படிகளில் மதிப்பிடச் சொல்லுங்கள். "பாதுகாப்பு" என்றால் பலருக்கு செக்யூரிட்டியும் போலீஸும் நினைவுக்கு வருகின்றன. அந்த மாதிரிச் சொற்கள் இந்தக் கட்டத்திலேயே கழிந்துவிடும்.

இன்னும் இரண்டு இடத்தில் வழக்கமாகக் கெடும். நல்ல பதில் வந்ததும் "ஆமாமா, சரி" என்று தலையாட்டுவது ஒன்று. எந்த மாதிரிப் பதில் உங்களுக்குப் பிடிக்கிறது என்று எதிரே இருப்பவர் ஐந்தாவது சொல்லுக்குள் கண்டுபிடித்துவிடுவார். எல்லாப் பதிலுக்கும் ஒரே மாதிரி "சரி, அடுத்த சொல்" என்று போங்கள். மற்றொன்று, வீட்டில் வைத்துச் செய்யும்போது கூட உட்காருகிற சொந்தக்காரர். "அதான், மலம்புழா டேமுக்குப் போனோமே, அதச் சொல்லுங்க" என்று அவர் எடுத்துக்கொடுத்தால் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டியதுதான். தனியறை கிடைக்காவிட்டால் வேறு நாள் போங்கள்.

கேள்வி: தமிழ் மீடியம் பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். பெற்றோர் சிலரிடம் சோதனை செய்தோம். கீழே உள்ள பதில்களுக்கு என்னோடு இருப்பவரும் நானும் வேறு வேறு புள்ளி போடுகிறோம். (1) கோபம்: "எங்க மாமியார்." (2) சந்தோஷம்: "கொங்கன்படைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எல்லாரும் சேர்ந்து போவோம்." (3) வருத்தம்: "அம்மா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கெடந்த மூணு வாரம்." (4) பெருமை: "என் கல்யாணம்." (5) பயம்: "நேத்து பஸ்ஸ விட்டுட்டேன்." (6) ஏமாற்றம்: "தக்காளி வெல ஏறும்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சு ஏமாந்தோம்." எது சரி?
— கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் பிரிவுகள். ஒரு நாளுக்குள் ஓர் இடத்தில் நடந்த ஒற்றை நிகழ்ச்சி குறிப்பான நினைவு. திரும்பத் திரும்ப நடந்தவற்றின் தொகுப்பு வகை நினைவு. ஒரே நிகழ்ச்சிதான், ஆனால் ஒரு நாளுக்கு மேல் நீண்டது என்றால் நீள் நினைவு. நினைவே அல்லாத பேச்சு (ஆள் பெயர், கருத்து, குணம்) தொடர்புச் சொல். பதிலே வராவிட்டால் விடுபாடு. முன்பே சொன்ன நிகழ்ச்சியை மீண்டும் சொன்னால் அதற்குத் தனிக் குறி.

(1) தொடர்புச் சொல். அந்த ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை சண்டை இருந்தாலும் அவர் சொன்னது பெயரை மட்டும்தான். (2) வகை நினைவு. (3) நீள் நினைவு. அந்த மூன்று வாரத்தில் "டாக்டர் வெளிய வந்து சொன்ன அந்த சாயங்காலம்" என்று சொல்லியிருந்தால் குறிப்பானதாகியிருக்கும். (5) குறிப்பான நினைவு. இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்: பதில் நீளமாக, வர்ணனையோடு இருந்தால்தான் குறிப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். நாள் ஒன்று, நிகழ்ச்சி ஒன்று. மூன்று சொல்லில் சொன்னாலும் போதும். பயத்துக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை.

(4) உண்மையிலேயே சிக்கலானது. முகூர்த்தத்தைச் சொல்கிறாரா, முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீடு வரை மொத்தத்தையும் சொல்கிறாரா என்று தெரியவில்லை. இந்த இடத்தில்தான் சோதனை நடத்துகிறவர் தூண்டியிருக்க வேண்டும். தூண்டவில்லை என்றால், "கல்யாணம், வளைகாப்பு, சாவு வீடு என்று பெயர் மட்டும் சொன்னால் இன்ன பிரிவு" என்று புள்ளியிடும் முன்பே எழுதி வைத்த விதிப்படி போடுங்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் இருவரும் ஒரே பக்கம் வையுங்கள்.

(6) உங்கள் இருவருக்கும் சண்டை வந்த பதில் இதுதான் என்று நினைக்கிறோம். பேச்சுத் தமிழில் வகை நினைவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் பெரும்பாலும் வினையின் முடிவில் இருக்கிறது. "ஆத்துல குளிப்போம்", "தாத்தா கத சொல்லுவாரு", "சந்தைக்குப் போவோம்" என்று எதிர்கால வடிவத்தில் பழைய காலத்தைப் பேசினால் அது வழக்கமாக நடந்தது. "குளிச்சோம்", "சொன்னாரு", "போனோம்" என்றால் பெரும்பாலும் ஒரு தடவை நடந்தது. ஆனால் அது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. "ஏமாந்தோம்" என்று வினை முடிந்திருந்தாலும் "ஒவ்வொரு தடவையும்" முன்னால் நிற்கிறது. எனவே வகை நினைவு. "எப்பவும்", "அடிக்கடி", "தினமும்", "போறப்பல்லாம்" எல்லாமே இப்படித்தான். மறுபக்கம், "ஒரு நாள்", "அன்னைக்கு", "ஒருவாட்டி" வந்தால் குறிப்பான நினைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இதனால்தான் பதிலைச் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவர் நல்லெண்ணத்தில் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்துவார். "திருவிழாவுக்குப் போவோம்" என்பது "திருவிழாவிற்குச் சென்றோம்" ஆகிவிடும். ஒரு வினை மாறியதில் வகை நினைவு குறிப்பான நினைவாகிவிட்டது; புள்ளியிடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இழுவை, தயக்கம், பிழை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இருவர் ஒத்துப்போவதை வெறும் சதவீதத்தில் சொல்லாதீர்கள். 200 பதில்களில் இருவரும் 140-ஐக் குறிப்பானது என்றும், 40-ஐ இல்லை என்றும் ஒத்துக்கொண்டு, 20-இல் ஆளுக்குப் பாதியாக மாறுபட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்புதல் 90 சதவீதம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இருவருமே 150-ஐக் குறிப்பானது என்று போடுகிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 62.5 சதவீதம் ஒத்துப்போகும். அதைக் கழித்துக் கணக்கிடுகிற கோஹனின் கப்பா இங்கே 0.73. அறிக்கையில் போக வேண்டியது இந்த எண்தான். மாறுபட்ட 20 பதில்களையும் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்து, தீர்த்த காரணத்தை விதித்தாளில் சேர்த்துவிடுங்கள்.

கடைசி எண்ணையும் ஒரே வழியில் போடுங்கள். 10 சொற்களில் குறிப்பானது 6, வகை 2, நீள் 1, விடுபாடு 1 என்றால் 6-ஐ 10-ஆல் வகுத்து 0.60 என்பவர்கள் உண்டு. விடுபாட்டைக் கழித்து 9-ஆல் வகுத்து 0.67 என்பவர்களும் உண்டு. இரண்டும் வழக்கில் இருக்கின்றன. எதைச் செய்தீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் எண்ணை வேறு எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது.

கேள்வி: எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பேசும்போதே இரண்டும் கலந்துதான் வரும். எந்த மொழியில் சோதனை செய்வது? குப்பத்தில் இருக்கும் என் தோழிக்கும் தெலுங்கில் இதே குழப்பம்.
— வேலந்தாவளம்

பதில்: மொழி நினைவைத் திசைதிருப்பும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வியோரிகா மரியானும் உல்ரிக் நைசரும் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் செய்த ஆய்வில், ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழி பேசிய காலத்து நினைவுகளும், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலம் பேசிய காலத்து நினைவுகளும் கூடுதலாக வந்தன. உங்கள் ஊரில் வீட்டு நினைவுக்கும் பள்ளிக்கூட நினைவுக்கும் மொழி வேறு என்றால், எந்த மொழியில் சொல்லைக் கொடுக்கிறீர்களோ அந்தப் பக்கம் வாளி இறங்க வாய்ப்பு உண்டு.

ஆகவே சொல்லும் வழிமுறையும் ஒரே மொழியில் இருக்கட்டும். பதில் எந்த மொழியில், எந்தக் கலவையில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். "தமிழ்ல சொல்லுங்க" என்று இடையில் திருத்தினால் அவர் சொல்லைத் தேடப் போய்விடுவார், நினைவு நழுவிவிடும். வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி, இப்போது அதிகம் பேசுவது எது, கணக்குப் போடுவது எந்த மொழியில் என்ற நான்கு கேள்விகளைச் சோதனைக்குப் பிறகு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் கேட்டால் மொழியைப் பற்றிய சோதனை என்று நினைத்துவிடுவார்கள்.

புள்ளியிடும்போது கலப்பு பெரிய தடையாக இருக்காது. மலையாளத்தில் "போகுமாயிருந்நு" என்பதும், தெலுங்கில் "வெள்ளேவாள்ளம்" என்பதும் "போவோம்" போலவே வழக்கத்தைக் காட்டுகிற வினைகள். அந்த மொழி தெரிந்த ஒருவர் புள்ளியிடுவோரில் இருந்தால் போதும். மொழிபெயர்த்துக் கொடுத்துப் புள்ளியிடச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது இந்த வினை முடிவுதான்.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் 120 பேரிடம் கூகுள் ஃபார்ம் மூலம் செய்யலாமா? எல்லோரும் 10-க்கு 9, 10 எடுத்துவிடுவார்கள் என்று சீனியர் சொல்கிறார்.
— மாணவர், பாலக்காடு

பதில்: சீனியர் சொல்வது சரி. மனச்சோர்வு இல்லாத இளைஞர்களிடம் முழு வழிமுறையும் பயிற்சியும் கொடுத்தால் மதிப்பெண் உச்சியில் முட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. இதற்காகத்தான் பெல்ஜியத்தின் லூவனில் ராஸ், ஹெர்மன்ஸ் குழுவினர் இரண்டு வழி செய்தார்கள். ஒன்று குறைந்த வழிமுறை கொண்ட ஏ.எம்.டி. (2009). "குறிப்பான ஒரு நாள்" என்ற வற்புறுத்தலோ பயிற்சியோ இல்லாமல், சொல் நினைவூட்டுகிற ஒரு நிகழ்ச்சியை எழுதச் சொல்வது. மற்றொன்று 2007-இல் வந்த வாக்கியம் நிரப்பும் சோதனை: "போன வருஷம் நான்...", "இன்னும் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது..." என்ற மாதிரி 11 தொடக்கங்கள், மீதியை அவர்கள் முடிப்பது. குறிப்பான நினைவு வேண்டும் என்று எங்கேயும் சொல்லாததால், அந்த ஆள் தானாக எந்தப் பக்கம் போகிறார் என்று தெரிகிறது.

எழுத்து வடிவம் பெரிய அளவில் சாத்தியம்தான். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 13 வயதுப் பிள்ளைகள் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் எழுதச் சொல்லிச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து, ஒரு திரைக்கு ஒரு சொல், பின்னால் போக முடியாதபடி அமையுங்கள். போனில் தமிழ் தட்டச்சுக்குத் தடுமாறுகிறவர் சுருக்கிச் சுருக்கி எழுதுவார், சுருக்கத்தில் "திருவிழா" என்று ஒரு சொல் மட்டும் மிஞ்சும். தாளும் பேனாவும் இதைவிட மேல்.

கேள்வி: வயது 68. மத்திய சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு. பேரன் படிப்புக்காக இந்தச் சோதனையை எனக்குச் செய்தான். 10-க்கு 4 தான். மறதி நோய் வருகிறதோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
— கோவிந்தாபுரம்

பதில்: ஐயா, பயப்பட வேண்டாம். இந்தச் சோதனையில் "இதற்குக் கீழே போனால் நோய்" என்ற எல்லை எண்ணே கிடையாது. இரு குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கச் செய்த கருவி இது; ஒரு தனி ஆளுக்கு நோய் சொல்லச் செய்ததல்ல. வயது கூடக் கூடப் பொதுப்படையாகப் பேசுவது கூடும். அன்றைய தூக்கம், மனக்கவலை, கேட்பது பேரன் என்ற தயக்கம் எல்லாம் சேரும்.

பழைய நினைவுகளை மருத்துவமனையில் பார்ப்பதற்கு வேறு கருவிகள் உண்டு. கோபல்மன், வில்சன், பேட்லி மூவரும் செய்த பேட்டி முறை சிறுவயது, இளமை, சமீப காலம் என்று மூன்று காலத்துக்கும் தனித்தனியாக, பள்ளிப் பெயர், ஆசிரியர் பெயர் போன்ற தகவலுக்கு ஒரு மதிப்பெண்ணும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு மதிப்பெண்ணும் போடுகிறது. 2002-இல் பிரையன் லெவினும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை இன்னும் நுணுக்கமானது. சொன்னதைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்த நிகழ்ச்சிக்கு உள்ளே இருப்பது, வெளியே இருப்பது என்று எண்ணுவார்கள். "சந்தையில கூடை சரிஞ்சுது, பக்கத்துக் கடைக்காரர் சிரிச்சார், எனக்கு அழுகையா வந்துச்சு, எங்க ஊர்ல எப்பவும் தக்காளிக்கு வெல கெடையாது" என்பதில் இடம், கூடை சரிந்தது, அவர் சிரித்தது, அழுகை என 4 உள் விவரம். விலை பற்றிய பொது அறிவு 1 வெளி விவரம். முதியவர்களிடம் உள் விவரம் குறைந்து வெளி விவரம் கூடுவது இந்த முறையில் நன்றாகத் தெரிந்தது. நோயில்லாத முதுமையிலேயே அப்படி.

அன்றாடத்தைக் கவனியுங்கள். பழகிய வழியில் திசை தப்புவது, ஒரே கேள்வியைச் சற்று நேரத்தில் மறுபடி கேட்பது, மருந்தை இரண்டு முறை சாப்பிடுவது போல ஏதாவது புதிதாகத் தொடங்கியிருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் அந்த 4-ஐ மறந்துவிடுங்கள்.

கேள்வி: பொதுப்படையாகவே நினைக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மாற்ற முடியுமா? இது ஏன் வருகிறது?
— ஆசிரியை, குப்பம்

பதில்: ஏன் என்பதற்கு 2007-இல் வில்லியம்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் மூன்று காரணங்களைச் சேர்த்து வைத்தார்கள். நினைவைத் தேடும்போது "நான் எதுக்கும் லாயக்கில்ல" போன்ற வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு அதையே அசைபோடுவது முதல் காரணம். குறிப்பான நாளைத் தொட்டால் வலிக்கும் என்பதால் தன்னையறியாமலே விலகிப் போவது இரண்டாவது. தேடலை இழுத்துப் பிடித்து நடத்தும் திறன் அந்த நேரத்தில் குறைந்திருப்பது மூன்றாவது. ஒருவரிடமே மூன்றும் இருக்கலாம்.

பயிற்சி உண்டு. 2009-இல் ராஸ், வில்லியம்ஸ், ஹெர்மன்ஸ் மனச்சோர்வோடு மருத்துவமனையில் இருந்த 10 பெண்களிடம் வாரம் ஒன்றாக 4 அமர்வுகள் நடத்தினார்கள். நினைவு குறிப்பானதாக மாறியது. பிறகு போரில் தகப்பனை இழந்த ஆப்கான் அகதிப் பிள்ளைகள் 23 பேரிடம் ஈரானில் 5 வாரம் செய்து பார்த்ததில், பயிற்சி பெற்றவர்களிடம் இரண்டு மாதம் கழித்தும் மனச்சோர்வு குறைவாக இருந்தது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் நினைவு குறிப்பானதாவது உறுதி. மனச்சோர்வில் கிடைக்கிற நன்மை மாதக் கணக்கில் நிற்பது அவ்வளவு உறுதியில்லை. சிகிச்சையோடு சேர்த்துக்கொள்ளலாம், சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

அமர்வின் வேலை எளிது. முதலில் இப்படி ஒரு போக்கு இருக்கிறது, அது குணக்கேடு அல்ல என்று விளக்குவது. பிறகு சாதாரணச் சொல்லுக்கும் இன்பச் சொல்லுக்கும் குறிப்பான நினைவு. யார் இருந்தார்கள், எந்த நேரம், என்ன சத்தம், என்ன வாசனை என்று கேட்டு இறக்குவது. அதில் கை பழகிய பிறகுதான் துன்பச் சொல். ஒரே சொல்லுக்கு இரண்டு வெவ்வேறு நாட்களை எடுக்கச் சொல்வார்கள். வீட்டுப் பாடமாகத் தினமும் அன்று நடந்த ஒன்றை எழுதச் சொல்வார்கள். கடைசி அமர்வில் "எனக்கு எதுவுமே சரியா வராது" என்ற வாக்கியம் மனசில் வரும்போது, அதற்கு மாறான ஒரு நாளைத் தேடி எடுப்பது. பள்ளியில் பிள்ளைகளிடம் நீங்களாகத் துன்பச் சொற்களைக் கொடுத்துத் தொடங்காதீர்கள். அதற்கு மனநல நிபுணர் கூட இருக்க வேண்டும்.

கேள்வி: சோதனையின் நடுவில் ஒருவர் அழுதுவிட்டால் என்ன செய்வது? பதிவுகளை எவ்வளவு நாள் வைக்கலாம்?
— மீனாட்சிபுரம்

பதில்: வாட்சை நிறுத்துங்கள், பதிவை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்து, தொடர்வதா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஆளின் தரவைத் தள்ளிவிடுவதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எப்போதும் கடைசிச் சொல் இன்பச் சொல்லாக இருக்கும்படி வரிசையை அமைத்தால், எழுந்து போகும்போது மனசு சற்று லேசாக இருக்கும். சாகலாம் என்று தோன்றுவதாக ஒருவர் சொன்னால், எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறாரா என நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகிவிடாது. தனியே அனுப்பாதீர்கள். உங்கள் வழிகாட்டியையும் அவர் வீட்டில் ஒருவரையும் உடனே அழையுங்கள். மனநல உதவிக்கான டெலி-மனாஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கேரளத்தில் திசா உதவி எண் 1056-உம் உண்டு. இந்த எண்களை ஒப்புதல் தாளின் கீழேயே அச்சிட்டு, பிரதியை எல்லோருக்கும் கொடுத்தனுப்புங்கள்.

பதிவுகளுக்கு ஒரே விதி: நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட காலம் வரை, கடவுச்சொல் போட்ட ஒரு கருவியில் மட்டும். தட்டச்சு செய்து சரிபார்த்ததும் குரல் பதிவை அழிப்பது நல்லது. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். "மார்க்கெட் பக்கத்துல பேக்கரி வெச்சிருக்கிற என் மச்சான்" என்றால் சின்ன ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். தொழில், கடை, தெரு, உறவு நான்கையும் புள்ளியிடுகிறவர் கைக்குப் போகும் முன்பே "ஒரு கடை", "ஒரு உறவினர்" என்று மாற்றுங்கள்; நாளையும் வினை முடிவையும் மட்டும் தொடாதீர்கள். புள்ளியிடுகிறவர் அதே ஊர்க்காரராக இருந்தால், அவருக்குத் தெரிந்த குடும்பத்தின் தாள்கள் அவரிடம் போகாதபடி பிரித்துக் கொடுங்கள்.